மேசை மேல் லெச்சு

பகலில் அவன் எடை எனக்குத் தெரியும்.
செம்பனைக் குலைகளோடு ஆலைக்குள் வந்து
எடைப்பாலத்தில் ஏறி நிற்பான்.
இருபத்தாறு டன், நானூற்று நாற்பது கிலோ.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது பதினொன்று சொச்சம்.
சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவேன்.
"ராத்திரி வரியா?" என்பான்.
அவ்வளவுதான் எங்கள் அலுவல் பேச்சு.

ராத்திரி பத்து மணிக்கு
கோலக்கெட்டில் பெரிய ரோட்டில்
ஆ லியோங் தன் போன் கடையின் இரும்புக் கதவை
முக்கால்வாசி இறக்குவான்.
குனிந்துதான் நுழைய வேண்டும்.
உயிர்போன போன்கள் ஒரு பிளாஸ்டிக் கூடையில்,
ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு
யாரோ வாங்க வராமலே போன டிவி சுவரில்.

கண்ட்ரோலர் மூன்று, ஆள் நாலு பேர்.
ஒன்றை யோகேஸ்வரியும் நானும் பாதி பாதி:
இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான்.
கையுறைக் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம்
நின்றுவிட்டு வருகிறவள்;
விரல் இடுக்கில் இன்னும் வெள்ளைத் தூள்.
வளைவு வந்தால் அவள் முழங்கை என் விலாவில்.
நான் நகர்ந்து உட்கார்ந்ததில்லை.

டிவிக்குள் யாரோ சாப்பிட்டு எழுந்த மேசை.
தட்டு ஒரு திடல். சிந்திய பால் ஓர் ஏரி.
ரொட்டித் துகள்கள் பாறை.
நகம் அளவு கார்கள் நாலு
உப்பு ஜாடியைச் சுற்றி உறுமும்.
முந்துகிறவன் பின்னாலேயே திரையும் ஓடும்.
பின்தங்கினால் அதன் ஓரம் நம்மைத் தின்றுவிடும்.
முந்தினாலும் நிம்மதி கிடையாது:
மூக்கு முட்டுகிற இடத்தில் திரை முடிகிறது,
வளைவு எந்தப் பக்கம் என்று
முதல் ஆளுக்குத்தான் கடைசியில் தெரியும்.
ஆ லியோங் இப்படியே நூறு தடவை
தரையில் விழுந்திருக்கிறான்.
விழும்போது ஹொக்கியனில் திட்டுவான்,
பாதி எங்களுக்கும் மனப்பாடம்.

லெச்சு விழ மாட்டான். காணாமல் போவான்.
சந்து கண்டால் பிரேக். கரண்டிப் பாலம் கண்டால் பிரேக்.
அழுத்துவது கட்டைவிரல்தான்; ஆனாலும்
வலது கால் ஜப்பான் சிலிப்பரோடு
சிமெண்டுத் தரையை மிதிக்கும்.
வாயாலேயே ஹாரன் வேறு.
"டேய், இது கேம்டா!"
"தெரியும் லா. எறக்கத்துல பின்னாலருந்து பாரம் தள்ளும்டா.
நீ நின்ன வண்டியத்தான பாத்திருக்க."

அந்த வெள்ளிக்கிழமை, கடைசி ரவுண்டு.
மூணும் மூணும் மூணும். லெச்சு ரெண்டு.
மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரே ஓர் அடிக்கோல்,
ஒரு கார் போகிற அகலம்.
ஆ லியோங் பாய்ந்தான்.
யோகேஸ் இடப்பக்கம் ஒடித்தாள்,
நான் வலப்பக்கம் தூக்கினேன்,
எங்கள் ஒரே கண்ட்ரோலரின் இரண்டு கார்களும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
அவனையும் இழுத்துக்கொண்டு
கீழே, கீழே, இருட்டில்.

திரை நின்றது.
அதன் அடிவிளிம்பில், பாதி பம்பர் வெளியே தெரிய,
ஒரு மஞ்சள் கார்
எல்லாருக்கும் வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது.
அதன் தலைக்கு மேல் ஒரு புள்ளி ஏறியது.
இப்போது எல்லாருக்கும் மூணு.
"ஐயோ, நான் ஒண்ணுமே செய்யலையே," என்றான்,
சீட்டில் எடை தப்பாக விழுந்த மாதிரி.
அதற்குமேல் யாருக்கும் ஓட்ட முடியவில்லை.
யோகேஸ் சிரித்துச் சிரித்து
கையைக் கண்ணில் தேய்த்து
புருவமெல்லாம் வெள்ளை.

பிறகு மாமாக் கடை.
ரொட்டி சானாய் நாலு, தே தாரிக் மூன்று,
அவளுக்கு மட்டும் மைலோ ஐஸ்.
லெச்சு பையிலிருந்து லைட்டரை எடுத்து மேசையில் வைத்தான்.
பருப்புக் கறித் தட்டைச் சுற்றி,
குவளை விட்டுப்போன ஈர வட்டத்தைத் தாண்டி
மெதுவாக ஓட்டி வந்தான்.
என் கரண்டிக்கு முன்னால் நிறுத்தினான்.
வெளியே நிஜ லாரி ஒன்று போக
குவளைகள் சிணுங்கின.
வாயால் ஒரு ஹாரன், சின்னதாக.

கரண்டியை நகர்த்தினேன்.